புறவாசலில் மலை மூங்கில்

விருதுநகரிலிருந்து வந்த ரயிலில் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியபோது என் இடுப்பில் ஈரச்சாக்கு மூட்டை ஒன்று இருந்தது. பெட்டி, கூடை எல்லாவற்றையும் கூலியாளிடம் கொடுத்துவிட்டேன். மூட்டையை மட்டும் கொடுக்கவில்லை. தேவிகுளத்துப் பக்கத்து மலையிலிருந்து போடிக்கு பஸ்ஸில் இறங்கி, மதுரை வந்து, இரண்டு ரயில் ஏறி, கைக்குழந்தை மாதிரி அதைக் கொண்டுவந்திருந்தேன். வழியில் குழாய் கண்ட இடத்திலெல்லாம் சாக்கை நனைத்தேன். மதுரையில் டிக்கெட் பரிசோதகர் சந்தேகப்பட்டு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே மண்ணும் பாசியும் சுற்றிய மூன்று கிழங்குகள், ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்கு நறுக்கிவிட்ட ஒரு குச்சி.

"என்னம்மா இது?"

"மூங்கில் கிழங்கு."

அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவரோ ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, மனைவியின் அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூங்கில் கிழங்கோடு திரும்புகிறார் என்பது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எனக்கு வெட்கமே இல்லை. என் அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தக் குளிரில்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க மூங்கில். பெருமூங்கில் மாதிரி முள் கிடையாது. தடிமன் மணிக்கட்டு அளவுதான். ஆடி மழையில் மண்ணைப் பிளந்துகொண்டு குருத்து வரும். அம்மா அதை வெட்டி, தோலுரித்து, வேகவைத்துத் தேங்காய் போட்டுத் துவரன் வைப்பாள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி சங்கரன்கோவில் வந்த பிறகு எனக்கு இங்கே எல்லாமே பிடித்துப்போனது, வெயில் தவிர. ஆனால் ஆடி பிறந்ததும் வாய் அந்த ருசியைக் கேட்டது. யாரிடம் சொல்ல? இந்த ஊரில் மூங்கில் என்றால் ஏணி, கூடை, பாடை. தின்கிற சாமான் என்று யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ரேஷனில் அரிசி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் நாலு பேர்: நான், என் வீட்டுக்காரர், என் மாமியாரான அத்தை, என் வீட்டுக்காரரின் அக்காவான என் மதினி. மதினியின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். வருஷத்துக்கொரு தரம் வருவார், அதுவரை அவள் தாய்வீட்டில் எங்களோடு இருந்தாள். என்னைவிட ஆறு வயது பெரியவள். எதைச் சொன்னாலும் முதலில் "வேண்டாம்டி" என்பாள், பிறகு என்னைவிட வேகமாக அதில் இறங்கிவிடுவாள்.

மூட்டையைப் பிரித்ததும் அத்தை இரண்டடி பின்னால் போனாள்.

"ஏட்டி, மூங்கிலையா கொண்டாந்திருக்க? வீட்டுக்குள்ள மூங்கில் வச்சா பாம்பு வந்து குடியிருக்கும்லா."

"இது முள்ளு மூங்கில் இல்ல அத்தே. கறி வைக்கிற மூங்கில்."

"கறியா? மூங்கில்லயா?" அத்தை மகனைப் பார்த்தாள். "நீ கூடவே போனியேலே, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. கேக்கணும்லா."

மதினிதான் வழி சொன்னாள். கிணற்றடிக்கு அந்தப்பக்கம், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற மூலை சும்மாதானே கிடக்கிறது, அங்கே வைக்கட்டுமே என்றாள். அத்தை நெடுநேரம் யோசித்துவிட்டு, "வையி. ஆனா அந்தப் பக்கம் நான் கால் வைக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே அதன் பிறகு அவள் அந்த மூலைக்கு வரவே இல்லை. எனக்கு அது நல்லதாகவே போயிற்று.

முழங்கை ஆழத்துக்கு மூன்று குழி தோண்டினோம். சாணிக்குப்பையும் வண்டல்மண்ணும் கலந்து போட்டேன். கிழங்கை நெட்டுக்குத்தலாக வைக்கக் கூடாது. கொஞ்சம் சாய்த்து, முளைக்கண் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். மேலே காய்ந்த தென்னை ஓலையைப் பரப்பினேன். ஆனி மாதம். சங்கரன்கோவிலில் அப்போது காற்றுதான் அடிக்குமே தவிர மழை பெய்யாது. மேற்கே மலைமேல் மேகம் கறுத்து நிற்பது சிவகிரிப் பக்கம் தெரியும். இங்கே புழுதிதான் பறக்கும். காலையும் மாலையும் நானும் மதினியும் ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றினோம். இருபதாம் நாள் மூன்று குச்சியிலும் இலை வந்துவிட்டது. நான் சமையலறைக்கும் கிணற்றடிக்கும் எத்தனை தரம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

"உன் புள்ளையத் தொட்டில்ல போட்ட மாதிரில்லா ஓடுத" என்றாள் மதினி.

அடுத்த சித்திரை வெயில் இரண்டைக் கொன்றுவிட்டது. இலை சுருண்டு வைக்கோலாக உதிர்ந்தது. நான் அழுதேன். துவைக்கிற கல்லுக்கு மிக அருகில் இருந்த மூன்றாவது மட்டும் பிழைத்தது. அதற்கு மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டினோம். வீட்டில் யாராவது வேறு இடத்தில் துணி அலசினால் மதினி சண்டைக்குப் போனாள். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்கே போயிற்று. அந்த ஐப்பசிக்குள் பென்சில் கனத்தில் நாலு குச்சி எழும்பியிருந்தது. வெட்டித் தின்ன ஏதுமில்லை. அப்படியே வளரவிட்டோம், அதுதான் முறை. முதலில் கிழங்கும் வேருமான தாய்த்தூறு பலப்பட வேண்டும்.

அதற்கடுத்த ஆடியில் நான் தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மலையில் ஆடிதான் குருத்துக் காலம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் ஊரை விட்டுப் போன பிறகும் மண்ணில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். இந்த ஊர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, சும்மா இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நீ கூடத்தான் முதல் வருஷம் சும்மா நின்ன" என்றார். அவர் வேடிக்கை பேசுவது அபூர்வம். அதனால் சரியாகவே ஞாபகம் இருக்கிறது.

ஐப்பசி பத்தாம் தேதிக்கு மேல் மழை பிடித்தது. நல்ல மழை. ஒரு வாரம் கழித்து விடிகாலையில் தண்ணீர் இறைக்கப் போன மதினி வாளியைக் கிணற்றுக்குள் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி, வா. பேசாம வா."

தூறுக்கு ஒரு சாண் தள்ளி மண் பிளந்திருந்தது. பிளவுக்குள் மாட்டுக் கொம்பின் நுனி மாதிரி ஒன்று. பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் முடி மாதிரிச் சுணையோடு. என் மணிக்கட்டு கனம். நான் மழைச்சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது மலைச் சாமான்தான், ஆனால் எங்கள் ஊர் மழையைப் பார்த்துத் தன் மாதத்தை மாற்றிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் பொறுத்திருந்து ஆடியை ஐப்பசியாக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

குருத்தின் மேல் வெயில் பட்டால் பச்சையாகிவிடும், கசப்பும் ஏறும். அம்மா மண்ணை அணைத்து மூடுவாள். எங்கள் மண் ஒட்டுமண், மூடினால் இறுகிவிடும் என்று எனக்குப் பயம். மதினி அடுக்களையிலிருந்து வாய் உடைந்த ஒரு பழைய பானையைக் கொண்டுவந்தாள். கவிழ்த்து மூடினோம். ஒரு முழம் உயரம் வந்ததும் வெட்டிவிடலாம், நாலைந்து நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. வெட்டி, சமைத்து, தட்டில் வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது எங்கள் திட்டம்.

இதில் நாங்கள் மறந்தது எதிர்வீட்டு அக்காவை. அவள் வீட்டுக் கிணறு உப்பு. குடிதண்ணீருக்கு எங்கள் கிணற்றுக்குத்தான் வருவாள். கரிவலம்வந்தநல்லூரில் பிறந்தவள். கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் பூசாமல் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடமாட்டாள். நல்ல மனசு, கூர்மையான கண்.

இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் நாங்கள் பானைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மழை விட்டதும் அக்கா குடத்தோடு வந்தாள். கிணற்றடியில் நின்று பானையைப் பார்த்தாள். முந்தாநாள் நேராகக் கவிழ்ந்திருந்த பானை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளிருந்து முட்டுகிறது என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருக்கையில் பானை இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. குடத்தை வைத்துவிட்டு நேரே அத்தையிடம் போனாள்.

"அக்கா, ஒங்க வீட்டுப் பொறவாசலுக்கு நாகம் வந்திருக்கு. பானைக்கடியில இருக்காவ. நான் கண்ணால பாத்தேன், பானைய அசைக்காவ."

பாம்பு வரும் என்று இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அத்தை. வந்தே விட்டது என்று கேட்டதும் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ முகமெல்லாம் மலர்ந்து, கையெடுத்துக் கும்பிட்டாள். புற்றையும் நாகத்தையும் சாமியாகக் கும்பிடுகிற சங்கரன்கோவில்காரி அல்லவா. குளித்துவிட்டு ஈரத்தலையோடு போய்ப் பால் கொண்டுவந்தாள். இரண்டரை வருஷமாகக் கால் வைக்காத மூலைக்கு வந்து, பானைமேலும் அது தூக்கிய இடுக்கு வழியாகவும் பாலை ஊற்றி, மஞ்சள் தூவி, சூடம் ஏற்றினாள்.

"யாரும் அந்தப் பானையத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள்.

நானும் மதினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம், அல்லது நான் அழுதிருப்பேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை, காலையில் எல்லாரும் பால் ஊற்ற வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"உள்ள என்ன உயரம் இருக்கும்?" என்று மதினி என் காதில் கேட்டாள்.

"பானைய முட்டிட்டுன்னா ஒரு முழம் தாண்டிருச்சு. நாளைக்குள்ள வெட்டலைன்னா முத்திரும், மதினி. அப்புறம் வெறும் கம்புதான்."

"வெட்டினா பாம்பை வெட்டினோம்னு சொல்லுவாவ. வெட்டலைன்னா பானை உடைஞ்சு தானா தெரிஞ்சிரும்." அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எங்க அம்மை சூடம் வேற காட்டிட்டாளே."

அதுதான் என் கவலையும். தெருவுக்கு முன்னால் அத்தை தலைகுனியும்படி ஆகிவிடக் கூடாது. மற்றவர்கள் சொல்லி அவளுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று, விளக்கு வைத்த கையோடு அடுக்களைக்குப் போனேன். அத்தை நாளைப் பூஜைக்குப் பித்தளைச் சொம்பைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அந்தப் பானைக்குள்ள நாகம் இல்ல."

தேய்ப்பது நிற்கவில்லை. "பின்ன என்ன?"

"மூங்கில் குருத்து. நாந்தான் கவுத்து வச்சேன். அது வளந்து பானையத் தூக்கிட்டு."

இப்போது நின்றது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் மதினி வந்து நின்றாள்.

"அப்ப நான் பால் ஊத்தினது மூங்கிலுக்கா?"

"ஆமா, அத்தே."

"ஒரு பச்சைக் குருத்து பானையத் தூக்குமா?"

"மலையில பாறாங்கல்லையே நகட்டும்."

அத்தை சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "நாளைக்கு எல்லாரும் வரட்டும். நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் தொறக்கப்பிடாது" என்றாள்.

காலையில் எட்டுப் பெண்கள் வந்தார்கள். சொம்பில் பால், இலையில் மஞ்சள், ஒருத்தி கையில் இரண்டு முட்டை. எதிர்வீட்டு அக்கா எல்லாருக்கும் முன்னால் நின்றாள். பானை இப்போது ஒரு கல்லில் சாய்ந்து, விழுவோமா வேண்டாமா என்று இருந்தது. அத்தை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தாள். யாரிடமும் எதுவும் பேசாமல் குனிந்து இரண்டு கையாலும் பானையைத் தூக்கினாள். இரண்டு பெண்கள் கிணற்றுக்கு அந்தப்பக்கம் ஓடினார்கள்.

குருத்து நின்றது. ஒன்றரை முழ உயரம். அடியில் தந்த நிறம், மேலே பழுப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தோல் சுற்றி, நுனி கூர்மையாக. முந்தின நாள் ஊற்றிய பால் அதன் அடி மடிப்பில் வெள்ளையாகத் தேங்கியிருந்தது. இவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மலையில் பார்த்ததைவிட இது எனக்கு அழகாகத் தெரிந்தது.

"நாகம் இல்ல. எம் மருமவ வச்ச மூங்கில்" என்றாள் அத்தை. "நேத்து எனக்கும் தெரியாது. எல்லாரும் பாத்துக்கிடுங்க."

அவள் குரலில் வெட்கமே இல்லை. தன் வீட்டுப் பெண் பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அக்கா மெல்லக் கிட்டே வந்தாள். குருத்தைத் தொட்டாள். சுணை குத்தியதும் கையை இழுத்துக்கொண்டு, "மூணு நாள்லயா இம்புட்டு?" என்றாள். பிறகு கொண்டுவந்த மஞ்சளை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, குருத்தின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். "பூமிக்குள்ளயிருந்து தானா வந்தது. அதுவும் சாமிதான்." மற்றவர்களும் ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். பாலைக் காய்ச்சிக் காப்பி போட்டுக் குடித்தோம். முட்டைக்காரி முட்டையைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

அவர்கள் இருக்கும்போதே நான் அரிவாளால் குருத்தை அடியோடு வெட்டினேன். தோலை உரிக்க உரிக்க ஒவ்வொரு தோலும் விசிறி மாதிரி விரிந்தது. கடைசியில் உள்ளே இருந்தது ஒரு முள்ளங்கி அளவுதான். அடிப்பக்கம் ஒரு சாண் முத்திவிட்டிருந்தது, அதைத் தள்ளினேன். மீதியை வட்டம் வட்டமாக நறுக்கினால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சின்னச் சின்ன அறை. எட்டுப் பெண்களும் குனிந்து பார்த்தார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்து வடித்தேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீரில். அப்படி மூன்று தரம். பச்சையாகத் தின்றால் விஷம். வடித்துவிட்டால் ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"விஷமா?" என்றார் மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர். "ஆபீசுல ஒருத்தர் சொன்னார், மாடு குருத்தைத் தின்னா செத்துப்போகுமாம்."

"மாடு வேகவச்சா திங்குது?" என்றாள் மதினி. ஆனால் அவளும் தட்டை எடுக்கவில்லை.

துவரம்பருப்பும் தேங்காயும் சேர்த்துத் துவரன் வைத்திருந்தேன். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த மணம் வீடெல்லாம் இருந்தது. நான் என் தட்டில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டேன். பல்லில் நறுக்கென்று இருந்தது. லேசான கசப்பு, பின்னாலேயே ஒரு தித்திப்பு. இரண்டரை வருஷம். என்னால் மெல்லவே முடியவில்லை, சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். கால் மணி நேரம் ஆகியும் நான் அப்படியே உட்கார்ந்திருந்ததும், அத்தை தட்டை நீட்டினாள்.

"போடு. உன்னை மட்டும் சாக விட முடியுமா?"

இரண்டு வாய் சாப்பிட்டாள். யோசித்தாள். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். பிறகு மறுபடியும் தட்டை நீட்டினாள். மதினி கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்கு நாலு துண்டுதான் கிடைத்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு கரண்டி கொடுத்தனுப்பினோம். ஐந்து நிமிஷத்தில் கிண்ணத்தைத் திருப்பித் தர அவளே வந்தாள்.

"இதுல ஒரு கிழங்கு எனக்குத் தருவியா? எங்க ஊர்ல தம்பி வயக்காட்டு ஓரமா வாய்க்கால் ஓடுது."

அடுத்த ஆனியில் தூறைக் கடப்பாரையால் பிளந்து அவளுக்கு இரண்டு கிழங்கு கொடுத்தேன். எப்படிச் சாய்த்து வைப்பது என்று நானே பஸ் ஏறிப் போய்க் காட்டினேன். எங்கள் வீட்டுத் தூறு அதன் பிறகு பெரிதாக ஒன்றும் செழிக்கவில்லை. கிணறு வற்றிய வருஷம் இலையெல்லாம் சுருண்டு, நானும் மதினியும் கழுவுகிற தண்ணீரில்தான் அதைக் காப்பாற்றினோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு குருத்து தரும், அவ்வளவுதான். கரிவலம்வந்தநல்லூர் வாய்க்கால்கரையில் இருந்ததோ வேறு கதை. மூன்றாம் வருஷம் கார்த்திகையில், கொழும்பிலிருந்து வந்த புருஷனுக்கு ஆக்கிப்போட வேண்டும் என்று மதினி பிடிவாதம் பிடித்ததால், நாங்கள் மூன்று பெண்களும் எதிர்வீட்டு அக்காவோடு அங்கே போனோம்.

வரப்பில் திரும்பியதும் மதினிதான் முதலில் பார்த்தாள். வாய்க்காலின் அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கில் பச்சையாக நின்றது. அடியில் ஈர மண்ணெல்லாம் குருத்து. மூடுவதற்குப் பானையே தேவைப்படவில்லை, அதன் நிழலே போதுமானதாக இருந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா அரிவாளோடு பின்னாலேயே வந்தாள். அத்தை கரையில் உட்கார்ந்து, "அது முத்தல், விடு. இது இளசு, வெட்டு. அந்த ஓரத்தை அடுத்த வருஷத்துக்கு வையி" என்று ஒவ்வொன்றையும் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்று போதும் என்று வந்தவர்கள். மதினி "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றே சொல்லிக்கொண்டிருந்ததில் கடைசி பஸ் போய்விட்டது.

அக்காவின் தம்பி வண்டி பூட்டினார். குருத்துகளை வாழையிலையில் சுற்றி நடுவில் அடுக்கி, நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து வந்தோம். சுணை பட்டுக் கையெல்லாம் அரித்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. புளிக்குழம்பு வைப்பதா, துவரன் வைப்பதா என்று அத்தையும் மதினியும் வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.